‘எம்.ஏ. ஷாட்’ யார்? மேரி ஆன் ஷாட் கேரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மேரி ஆன் ஷாட் கேரி?

1823 அக்டோபர் 9 அன்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், வில்மிங்டன் நகரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியை, அடிமை ஒழிப்புப் போராளி, பத்திரிகை ஆசிரியர். அறுபது வயதில் வக்கீல் படிப்பையும் முடித்தார். 1853-இல் கனடாவில் ‘பிராவின்ஷியல் ஃப்ரீமன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வட அமெரிக்காவில் பத்திரிகை நடத்திய முதல் கறுப்பினப் பெண் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். கேரி என்பது 1856-இல் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த பெயர். பத்திரிகைக்காரராக ஊருக்கு அவர் வெறும் ‘எம்.ஏ. ஷாட்’தான். அந்த இரண்டு இனிஷியலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கீழே வருகிறது.

கறுப்பர்கள் நடத்திய முதல் பத்திரிகை இவருடையதா?

இல்லை. அது 1827 மார்ச் 16-இல் நியூயார்க்கில் வெளிவந்த ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’. சாமுவேல் கார்னிஷ் என்ற பாதிரியாரும் ஜான் ரஸ்வர்ம் என்ற இளம் பட்டதாரியும் சேர்ந்து தொடங்கியது. ‘எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம். வெகுகாலமாக மற்றவர்களே எங்களுக்காகப் பேசி வந்திருக்கிறார்கள்’ என்று முதல் இதழிலேயே எழுதினார்கள். பத்திரிகை இரண்டு வருடம்தான் ஓடியது. ஆனால் கறுப்பர் தங்கள் கையாலேயே பத்திரிகை நடத்த முடியும் என்பது அதோடு நிலைபெற்றுவிட்டது. 1847-இல் கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்புறம் 1851-இல் கனடாவில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஹென்றி பிப்பின் ‘வாய்ஸ் ஆஃப் தி ஃப்யூஜிட்டிவ்’ வந்தது. ஷாட் இவர்களுக்கெல்லாம் பிறகு வந்தவர், அதுவும் பிப்போடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்.

ஷாட்டும் அடிமையாகப் பிறந்தவர்தானே?

இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. அடிமையாகப் பிறந்தவர் அல்ல. அவர் பிறந்தது சுதந்திரமான கறுப்பினக் குடும்பத்தில், பதின்மூன்று பிள்ளைகளில் மூத்தவராக. அப்பா ஆபிரகாம் ஷாட் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர், தாத்தா கசாப்புக்கடைக்காரர். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தா ஹான்ஸ் ஷாட் ஜெர்மனியிலிருந்து பிரிட்டிஷ் படையோடு வந்த சிப்பாய். 1755 போரில் காயம்பட்டுக் கிடந்த அவரை ஒரு கறுப்பினத் தாயும் மகளும் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடம் அந்த மகளையே அவர் கட்டிக்கொண்டார்.

அதற்காக அவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று எண்ண வேண்டாம். டெலவேர் அடிமை முறை இருந்த மாநிலம். சுதந்திரமான கறுப்பரானாலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஷாட் குடும்பம் 1833-இல் அடிமை முறை இல்லாத பென்சில்வேனியாவுக்கு, வெஸ்ட் செஸ்டர் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளியில் மேரி ஆன் படித்தார்.

அப்பாவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வில்லியம் லாயிட் கேரிசன் என்ற வெள்ளைக்காரர் நடத்திய ‘லிபரேட்டர்’ என்ற அடிமை எதிர்ப்புப் பத்திரிகைக்கு ஆபிரகாம் ஷாட் சந்தா முகவர். அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வந்தவர்களை வீட்டில் மறைத்து வைத்து வடக்கே அனுப்பியவர். ஆக, அந்த வீட்டுப் பெரிய பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு விஷயங்கள் பழகிவிட்டன: கதவை யாரோ தட்டுவது ஒன்று, தபாலில் பத்திரிகைக் கட்டு வருவது இன்னொன்று.

எழுத ஆரம்பித்தது எப்போது?

அதற்கு முன் ஆசிரியை வேலை. 1840-இல், பதினாறு பதினேழு வயதில், பிறந்த ஊரான வில்மிங்டனுக்கே திரும்பிப் போய்க் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தனக்கு எந்த ஊரில் பள்ளி மறுக்கப்பட்டதோ அதே ஊர். பிறகு பத்து வருடம் பென்சில்வேனியா, நியூஜெர்சி, நியூயார்க் என்று இடம் மாறி மாறிப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1849-இல் டக்ளஸின் ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வட மாநிலக் கறுப்பர்களின் நிலையை உயர்த்த என்ன செய்யலாம் என்று டக்ளஸ் வாசகர்களைக் கேட்டிருந்தார். இவர் எழுதிய பதில்: வருடா வருடம் மாநாடு கூட்டுகிறோம், தீர்மானம் போடுகிறோம், கலைகிறோம். பேச்சைக் குறைத்துக் காரியத்தைக் கூட்டுவோம். அதோடு நிறுத்தவில்லை. நம்மிடையே உள்ள பாதிரிமார்கள் சிலரே மக்களை முன்னேற விடாமல் உறிஞ்சுகிறார்கள் என்றும் எழுதினார். அதே வருடம் ஒரு சிறு பிரசுரமும் போட்டார். வெள்ளைக்காரர்களைப் பார்த்து ஆடம்பரத்துக்குச் செலவு செய்வதை விட்டுவிட்டு, நிலம், தொழில் என்று காலூன்றுங்கள் என்பது அதன் சாரம்.

இருபத்தைந்து வயது டீச்சர், பாதிரியார்களை இப்படிப் பகிரங்கமாகத் தாக்கி எழுதினால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

பிறகு ஏன் அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குப் போனார்?

1850 செப்டம்பரில் வந்த ‘தப்பியோடிய அடிமைச் சட்டம்’தான் காரணம். அந்தச் சட்டம் வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

தெற்கிலிருந்து ஓடி வந்த அடிமை, அடிமை முறை இல்லாத வட மாநிலத்தில் எத்தனை வருடம் வாழ்ந்திருந்தாலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. ஒரு ஆணையர் உட்கார்ந்து முடிவு சொல்வார். ‘இவர் அடிமைதான்’ என்று ஒப்படைத்தால் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். ‘ஆதாரம் போதாது’ என்று விட்டுவிட்டால் 5 டாலர். சட்டப் புத்தகத்திலேயே இப்படி எழுதி வைத்திருந்தார்கள். தப்பி வந்தவருக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தால் 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

இதில் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பருக்கும் பாதுகாப்பு இல்லை. யாராவது ஒருவர் வந்து ‘இது என் அடிமை’ என்று சத்தியம் செய்தால், இல்லை என்று சொல்லக்கூட வாய்ப்பில்லை. கனடா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருந்தது. எல்லை ஆற்றைத் தாண்டினால் போதும், இந்த ஆணையர் அங்கே வர முடியாது.

1851 செப்டம்பரில் டொராண்டோவில் நடந்த கறுப்பர் மாநாட்டுக்கு ஷாட் போனார். அங்கேதான் ஹென்றி பிப், அவர் மனைவி மேரி பிப் இருவரையும் சந்தித்தார். ‘டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் வின்ட்சர் பக்கம் தினமும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை’ என்று அவர்கள் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

கனடாவில் நிறப்பாகுபாடு இல்லையா?

இருந்தது. சட்டம் ஒன்றாக இருந்தது, அக்கம்பக்கம் வேறாக இருந்தது. பல ஊர்களில் கறுப்பினப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1850-இல் வந்த பள்ளிச் சட்டம் கறுப்பர்களுக்குத் தனிப்பள்ளி வைக்க வழி செய்தது. வழி செய்தது என்று மரியாதையாகச் சொல்கிறோம். ஒதுக்கி வைக்கச் சாக்குக் கொடுத்தது என்பதுதான் நடந்தது.

ஷாட் வின்ட்சரில் ஒரு பழைய ராணுவக் குடியிருப்பில் பள்ளி தொடங்கினார். பகலில் பிள்ளைகள், மாலையில் பெரியவர்கள். எந்த நிறமானாலும் வரலாம் என்று அறிவித்தார். மாதம் ஒரு சிறு கட்டணம் வைத்தார். இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்பது அவர் எண்ணம். ஆனால் நேற்று ஓடி வந்தவர் எதைக் கொடுப்பார்? கட்டணம் சரியாக வரவில்லை. அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு வருடத்துக்கு 125 டாலர் உதவியது.

பிப்போடு என்னதான் சண்டை?

இரண்டு விஷயம். பிப் தம்பதி, தனிப்பள்ளி என்றாலும் பரவாயில்லை, அரசுப் பணத்தில் ஒரு பள்ளி கிடைக்கட்டும் என்றார்கள். ஷாட் அதை ஏற்கவில்லை. ஒதுக்கி வைப்பதை நாமே கேட்டு வாங்குவதா என்பது அவர் கேள்வி.

இரண்டாவதுதான் பெரியது. தப்பி வந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க ‘ரெஃப்யூஜி ஹோம் சொசைட்டி’ என்று ஒரு திட்டம் இருந்தது. பிப் அதில் முக்கியமானவர். குடும்பத்துக்கு 25 ஏக்கர். அதில் 5 ஏக்கர், காட்டை வெட்டித் திருத்திப் பயிர் செய்தால் இலவசம். மீதி 20 ஏக்கருக்கு ஒன்பது வருடத் தவணை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்காக முகவர்கள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பணம், பழைய துணி எல்லாம் வசூல் செய்தார்கள். வசூலில் ஒரு பங்கு முகவர் பைக்குப் போகிறது, அரசிடமே நேராக இதைவிட மலிவாக நிலம் வாங்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘கனடாவில் கறுப்பர் கந்தலோடு பட்டினி கிடக்கிறார்கள்’ என்று பொய்யான படத்தைக் காட்டிப் பிச்சை எடுக்கிறீர்கள் என்று ஷாட் குற்றம் சாட்டினார்.

பிப் கையில் பத்திரிகை இருந்தது. ஷாட்டுக்கு மிஷனரி அமைப்பு 125 டாலர் தரும் விஷயத்தை அதில் போட்டு உடைத்தார். பெற்றோர் கட்டணம் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று ஷாட் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். ஒரு பெண்மணிக்கு அழகல்லாதவற்றைப் பேசுகிறார், எழுதுகிறார் என்ற தொனியிலும் பிப் எழுதினார். பதில் எழுத ஷாட்டிடம் பத்திரிகை இல்லை. 1853 தொடக்கத்தில் அந்த 125 டாலரும் நின்றது. அவருடைய மத நம்பிக்கை தங்கள் வழிக்கு ஒத்து வரவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், எனக்கு ஷாட் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் முழுதாக இல்லை. பிப் அடிமையாகப் பிறந்து, பலமுறை தப்பி ஓடிப் பிடிபட்டவர். கந்தல் துணியோடு கரையேறுகிறவனுக்கு ‘சொந்தக் காலில் நில்’ என்ற உபதேசத்தைவிட ஒரு கோட்டு முதலில் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அதையும் தப்பு சொல்ல முடியாது. பிப்பின் அச்சகம் 1853 அக்டோபரில் எரிந்து போனது. அடுத்த வருடம் ஆகஸ்ட் 1 அன்று அவரும் இறந்துவிட்டார்.

பத்திரிகைக்கு முன்பே ஒரு புத்தகம் போட்டாராமே?

ஆமாம். 1852-இல் டெட்ராய்ட்டில் அச்சடித்த 44 பக்கப் பிரசுரம். அமெரிக்கக் கறுப்பர்கள் ஏன் கனடாவுக்கு வர வேண்டும் என்று சொல்வது. இதில் உபதேசத்தைவிடத் தகவல்தான் அதிகம். தட்பவெப்பம் எப்படி, மண் எப்படி, என்ன விளையும், ஏக்கர் என்ன விலை, கூலி என்ன, தேவாலயங்களும் பள்ளிகளும் எப்படி, ஓட்டுரிமை உண்டா என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். கனடா என்றால் பனியும் பட்டினியும் என்று தெற்கில் அடிமை முதலாளிகள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குக் காய்கறி விலையையும் கோதுமை விளைச்சலையும் சொல்லிப் பதில் கொடுத்தார். வாதத்தைவிட விலைப்பட்டியல் நம்ப வைக்கும் என்று தெரிந்தவர்.

‘பிராவின்ஷியல் ஃப்ரீமன்’ எப்படித் தொடங்கியது?

‘மாகாணத்தின் சுதந்திர மனிதன்’ என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். பிப்பின் பத்திரிகைப் பெயரில் ‘தப்பி ஓடியவர்’ இருந்தது. இவர் பத்திரிகைப் பெயரில் ‘சுதந்திரமானவர்’. பெயரிலேயே பதிலைக் கொடுத்துவிட்டார்.

முதல் இதழ் 1853 மார்ச் 24 அன்று வின்ட்சரில் வந்தது. அது வெள்ளோட்டம். ஆதரவு எப்படி என்று பார்க்கத்தான். பிறகு ஒரு வருடம் ஊர் ஊராகப் பேசிச் சந்தா சேர்த்து, 1854 மார்ச் 25 முதல் டொராண்டோவிலிருந்து வாரா வாரம் வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே ஒரு வாசகம்: ‘தன் காலில் நிற்பதே சுதந்திரத்துக்கு உண்மையான வழி.’ 1855-இல் பத்திரிகை சாட்டம் என்ற ஊருக்கு மாறியது. கறுப்பினக் குடும்பங்கள் கணிசமாக வாழ்ந்த ஊர், அச்சுச் செலவும் குறைவு.

ஆனால் முதல் இதழில் ஆசிரியர் என்று போட்டிருந்த பெயர் சாமுவேல் ரிங்கோல்ட் வார்ட். இவர் பெயர் பெற்ற பேச்சாளர், பாதிரியார். சிரக்யூஸ் நகரில் பிடிபட்ட ஒரு அடிமையைக் கூட்டம் கூடி மீட்ட சம்பவத்தில் பங்கெடுத்துவிட்டு, 1851-இல் கனடாவுக்குத் தப்பி வந்தவர். முதல் இதழ் வந்த அடுத்த மாதமே நிதி திரட்ட இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அதாவது ‘ஆசிரியர்’ அட்லாண்டிக் கடலில் இருந்தார், பத்திரிகை ஷாட் மேஜையில் இருந்தது.

தன் பெயரையே போட்டிருக்கலாமே?

பெண் நடத்தும் பத்திரிகை என்றால் சந்தா வராது என்ற பயம்தான். கறுப்பரோ வெள்ளையரோ, அந்தக் காலத்தில் பெண் மேடையில் பேசுவதையே முகம் சுளித்துப் பார்த்தார்கள். அதனால் வார்ட் பெயரைப் போட்டார், இன்னொரு பாதிரியார் பெயரையும் போட்டார். தன்னை ‘வெளியீட்டு முகவர் எம்.ஏ. ஷாட்’ என்று குறிப்பிட்டுக்கொண்டார். நம் ஊராக இருந்தால் எம்.ஏ. படித்தவர் என்று நினைத்திருப்பார்கள். அங்கே ஆம்பிளை என்று நினைத்தார்கள். ‘எஸ்கொயர்’ என்று ஆண்களுக்குப் போடும் மரியாதைப் பட்டத்தோடு கடிதங்கள் வந்தன.

1854-இல் விஷயத்தை அவரே பத்திரிகையில் வெளிப்படுத்தினார். இனி ‘மிஸ்டர்’, ‘எஸ்கொயர்’ வேண்டாம், இது ஒரு பெண் என்றார். பயந்தது வீண் போகவில்லை. எதிர்ப்பு வந்தது, ஆதரவு தளர்ந்தது. 1855 ஜூன் மாதம் வில்லியம் நியூமன் என்ற பாதிரியாரை ஆசிரியர் என்று அறிவித்துவிட்டு ஷாட் ஒரு விடைபெறும் தலையங்கம் எழுதினார். அதில் கறுப்பினப் பெண்களுக்குத் தனியாக ஒரு சேதி: விரும்பியோ விரும்பாமலோ, பத்திரிகை ஆசிரியர் நாற்காலியைச் சுற்றி இருந்த பனிக்கட்டியை உங்களுக்காக உடைத்தாயிற்று, முடிந்தவர்கள், விருப்பம் உள்ளவர்கள் எல்லாம் போய்ப் பத்திரிகை நடத்துங்கள்.

விடைபெற்றாரே தவிர விலகவில்லை. பேர் மாறியது, வேலை மாறவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் வரவில்லை! அதுதான் இந்தப் பத்திரிகையின் கதை.

காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு புரியும். எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாற்றிக் கோர்த்து, மெய்ப்புப் பார்த்து, திருத்தி, அச்சடித்து, எழுத்தைக் கலைத்து மறுபடி கேஸில் போட வேண்டும். நான்கு பக்கப் பத்திரிகைக்கு வாரா வாரம் இது. கம்போஸ் செய்கிறவருக்குக் கூலி, காகிதம், மை, வாடகை எல்லாம் முன்பணம். சந்தாவோ பின்னால் வரும், வராமலும் போகும். வாசகர்களில் பலர் நிலம் திருத்திக்கொண்டிருக்கும் புதுக் குடியேறிகள். பலருக்கு இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வருகிறது.

அதனால் ஷாட் ஊர் ஊராகப் போனார். அமெரிக்க வட மாநிலங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கூட்டங்களில் பேசிச் சந்தா சேர்த்தார். தப்பியோடிய அடிமைச் சட்டம் அமலில் இருந்த அதே மண்ணில், தனியாக, பெண்ணாக, ரயிலிலும் கோச்சு வண்டியிலும். அவர் ஊரில் இல்லாதபோது தங்கை அமீலியா பத்திரிகை வேலையைப் பார்த்தார். தம்பி ஐசக் நிர்வாகத்தைக் கவனித்தார். பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் சந்தா முகவராக இருந்தார். தப்பி வந்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்ததற்காகப் பின்னாளில் பெயர் பெற்ற அதே ஸ்டில்தான்.

பிச்சை எடுக்கக் கூடாது என்று எழுதியவர், பத்திரிகைக்காக ஊர் ஊராகக் கையேந்தினாரே என்று அவருடைய எதிரிகள் கேட்டார்கள். சந்தா வேறு, தானம் வேறு என்பது அவர் பதில். சந்தாவுக்கு நான்கு பக்கம் கைக்கு வருகிறதே.

டக்ளஸ் இவரைப் பற்றி என்ன நினைத்தார்?

கொள்கையில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவிலேயே நின்று போராட வேண்டும், ஓடிப்போவது தீர்வல்ல என்பது டக்ளஸின் நிலை. இந்த நாடு நம்மைச் சேர்த்துக்கொள்ளாது, கனடாவுக்கு வாருங்கள் என்பது ஷாட்டின் நிலை. ஆனாலும் 1856-இல் டக்ளஸ் தன் பத்திரிகையில் இவரை மனம் திறந்து பாராட்டினார். அரைமனது ஆதரவு, போலி நண்பர்கள், வெளிப்படையான எதிரிகள், கைப்பணப் பஞ்சம் எல்லாவற்றோடும் மோதிப் பத்திரிகையைத் தாங்கியிருக்கிறார், அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் இவருக்கு இணை தெரியவில்லை என்றார். கூடவே, எழுத்துத் தொனி சில சமயம் கடுகடுப்பாக இருக்கிறது என்று ஒரு குட்டும் வைத்தார். அது உண்மைதான். அவருடைய தலையங்கங்களில் நயம் குறைவு, காரம் அதிகம்.

1855 பிலடெல்பியா மாநாட்டில் என்ன நடந்தது?

கறுப்பர்களின் தேசிய மாநாடு. பெண்ணைப் பிரதிநிதியாகச் சேர்க்கலாமா என்றே முதலில் விவாதம். அப்புறம் ஓட்டெடுப்பு. சேர்த்தார்கள். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கனடாவுக்குப் போவதை எதிர்ப்பவர்கள். அவர்கள் முன்னால் நின்று அதற்கு ஆதரவாகப் பேசினார். ஒதுக்கிய நேரம் முடிந்தபோது இன்னும் பேசட்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். நேரில் பார்த்த ஒருவர், பேசும்போது அந்தச் சின்னக் கண்கள் பளிச்சென்று மின்னியதை எழுதி வைத்திருக்கிறார்.

கல்யாணம், குழந்தைகள்?

1856 ஜனவரி 3 அன்று தாமஸ் கேரியை மணந்தார். அவர் டொராண்டோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், முதல் மனைவி மூலம் மூன்று பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் கடை டொராண்டோவில், இவர் பத்திரிகை சாட்டத்தில். சாரா என்ற மகளும் லின்டன் என்ற மகனும் பிறந்தார்கள். லின்டன் வயிற்றில் இருக்கும்போதே, 1860 நவம்பரில், கேரி இறந்துவிட்டார்.

ஜான் பிரவுனுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஆயுதம் ஏந்தி அடிமை முறையை ஒழிக்கக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஜான் பிரவுன். 1858 மே மாதம் தன் திட்டத்துக்கு ஆதரவு திரட்டச் சாட்டத்தில் ரகசியக் கூட்டம் நடத்தினார். ஷாட்டின் தம்பி ஐசக் அதில் கலந்துகொண்டார். ‘ஃப்ரீமன்’ அச்சகத்தில் வேலை செய்த ஆஸ்போர்ன் ஆண்டர்சன் என்ற இளைஞர் பிரவுன் பின்னாலேயே போய்விட்டார். 1859 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிய கூட்டத்தில் ஐந்து கறுப்பர்கள். உயிரோடு தப்பி வந்தவர் ஆண்டர்சன் ஒருவர்தான். சாட்டத்துக்கே திரும்பி வந்தார். அவர் எழுதிய நேரடி அனுபவம் 1861-இல் சிறு புத்தகமாக வந்தது. கையெழுத்துப் படியைச் செப்பனிட உதவியவர் ஷாட்.

அந்த அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த கை அது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பத்திரிகை எப்போது நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. 1857 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விட்டு விட்டு வந்தது, 1860 வாக்கில் அடங்கிவிட்டது. நடுவில் 1858-இல் ஒரு கறுப்பினச் சிறுவனை ஒருவன் அடிமையாகக் கொண்டுபோகிறான் என்று கேள்விப்பட்டு, சாட்டம் ரயில் நிலையத்தில் கூட்டமாகப் போய் இறக்கி மீட்டார்கள். அதற்காக ஐசக் உள்ளிட்டவர்கள் மீது வழக்கு வந்தது. ஏற்கனவே இழுபறியாக இருந்த பத்திரிகைக்கு அதுவும் ஒரு அடி.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஏதாவது பங்கு உண்டா?

உண்டு. வட மாநிலப் படையில் கறுப்பர்கள் சிப்பாயாகச் சேரலாம் என்று ஆனதும், மார்ட்டின் டெலானி என்ற கறுப்பினத் தலைவர் இவரை ஆள் சேர்க்கும் வேலைக்கு அழைத்தார். 1864-இல் இந்தியானா ஆளுநர் ஆலிவர் மார்ட்டன் அதிகாரபூர்வமாக நியமித்தார். நாட்டை விட்டு வெளியேறச் சொன்ன அதே ஷாட், அந்த நாட்டுக்காகப் படைக்கு ஆள் சேர்த்தார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. 1850-இன் அமெரிக்கா அடிமைகளைப் பிடித்துக் கொடுத்தது, 1864-இன் அமெரிக்கா அடிமை முதலாளிகளோடு போர் செய்துகொண்டிருந்தது.

வக்கீல் படிப்பு?

போருக்குப் பிறகு வாஷிங்டன் வந்து பள்ளித் தலைமை ஆசிரியை ஆனார். பகலில் பள்ளி, மாலையில் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்ட வகுப்பு. 1869-இல் சேர்ந்தார். பட்டம் வாங்கியது 1883-இல். பெண் என்பதால் முதலில் பட்டம் தர மறுத்தார்கள் என்று அவரே சொன்னார்.

பெண்கள் ஓட்டுரிமைக்கும் போராடினாரா?

1871-இல் வாஷிங்டனில் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போன பெண்கள் அறுபத்துச் சொச்சம் பேரில் இவரும் ஒருவர். மறுத்து அனுப்பினார்கள். சரி, மறுத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று நின்றார். பிறகு நாடாளுமன்றத்தின் நீதிக் குழு முன்பாகவும் பேசினார். கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது, சட்டத்திலிருந்து ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் எங்களுக்கும் வந்துவிடும் என்பது வாதம். 1880-இல் கறுப்பினப் பெண்களின் ஓட்டுரிமைக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்.

குடும்பத்தில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

அப்பா ஆபிரகாம் ஷாட்டும் கனடாவுக்கு வந்து, 1859-இல் உள்ளூர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கனடாவில் தேர்தலில் வென்ற முதல் கறுப்பர் என்று அவரைச் சொல்வார்கள். தம்பி ஐசக் போருக்குப் பின் அமெரிக்கா திரும்பி, மிசிசிப்பி சட்டமன்றத்தின் சபாநாயகர் வரை போனார்.

இன்று அவர் நினைவாக என்ன இருக்கிறது? கல்லறை எங்கே?

வாஷிங்டன் டபிள்யூ தெருவில் அவர் வாழ்ந்த செங்கல் வீடு 1976 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். கனடா 1994-இல் அவரைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் பெற்றவர் என்று அறிவித்தது. வின்ட்சர் நகரில் 2022-இல் சிலை வைத்தார்கள். அவர் பத்திரிகை தொடங்கிய ஊர் அது.

கல்லறை விஷயம்தான் சங்கடமானது. 1893 ஜூன் 5 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வாஷிங்டனில் கறுப்பர்களுக்கான கொலம்பியன் ஹார்மனி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1960-இல் அந்த நிலத்தை விற்று, சுமார் 37,000 பேரின் எச்சங்களைத் தோண்டி எடுத்து மேரிலாண்டில் ஒரு புதிய இடத்துக்கு மாற்றினார்கள். உடல்கள் போயின, தலைக்கற்கள் போகவில்லை. அந்தக் கற்களில் பல, கரை அரிக்காமல் இருக்கப் போட்டோமாக் ஆற்றோரத்தில் கொட்டப்பட்டுக் கிடந்தது பின்னாளில் தெரியவந்தது. பழைய தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ரோட் ஐலண்ட் அவென்யூ மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. இங்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது என்று அங்கே ஒரு தகடு பதித்திருக்கிறார்கள்.